இந்துமதி கையில் உன் வளையல்

திண்டுக்கல்
2.6.2003

அன்பு மகள் மலர்விழிக்கு அம்மா எழுதுவது. அபிராமி அம்மன் தயவில் இங்கே நான், அப்பா, உன் தங்கை ஜீவிதா, உன் மாமியாரான என் மதினி மூக்காயி எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை பாண்டியராஜும் உன் வயிற்றில் இருக்கிற என் ராசாவோ ராசாத்தியோ, மூன்று பேரும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இங்கே வெயில் போன வாரம் கொஞ்சம் அடங்கியது, சிறுமலைப் பக்கம் இரண்டு நாள் மழை, மலை வாழைப்பழம் வர ஆரம்பித்துவிட்டது, உன்னை நினைத்துக்கொண்டு ஒரு சீப்பு வாங்கி நானே தின்று தீர்த்தேன். மலரு, உனக்கு என்மேல் வருத்தம் என்று தெரியும். உன்னோடு வேலை பார்க்கிற நர்ஸ் சகாயசெல்வி லீவு முடிந்து வெறுங்கையோடு வந்து நின்ற மறுவாரம் நீ போன் செய்தாய். நான் வாயைத் திறப்பதற்குள், "பரவாயில்லம்மா, விடு, இங்க என் கையி வளையல யாரு பாக்கப் போறாக" என்று சொன்னாய். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும். அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும் அழுதுகொண்டே போனை வைத்துவிட்டேன். மூன்று நிமிஷப் போனில் அடங்குகிற கதையும் இல்லை அது. அதனால் ஜீவிதாவின் பரீட்சை நோட்டில் மிச்சமிருந்த தாளையெல்லாம் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீயும் காலை நீட்டி, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு படி.

முதலில் நம்முடைய ‘ஆனந்தவல்லி இல்லம்’ நாடகக் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் போய் முடிகிறது. உனக்கு மாலை டியூட்டி போட்டதிலிருந்து இரண்டு மாதக் கதை விட்டுப்போயிருக்கும். இந்துமதியைக் கார் இடித்ததோடு நீ நிறுத்தினாய் அல்லவா, அவள் பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில்தான் அவள் மாசமாக இருப்பதே தெரிந்தது. மாமியார்க்காரி மரகதவல்லி அதை யாருக்கும் சொல்லாமல் டாக்டர் சீட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள், அரிசிப் பானைக்குள் வைத்தால் சமைக்கிற மருமகள் கையில்தானே கிடைக்கும், அந்த அறிவுகூட இல்லாமல் அவளுக்கு ஆறு கம்பெனி இருக்கிறதாம். இந்த ஒரு விஷயத்துக்காக நம் தெருவில் நாலு நாள் வழக்கு நடந்தது. உன் அப்பா இன்றைக்கும் தான் நாடகம் பார்ப்பதில்லை என்றுதான் சொல்கிறார். ஆனால் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையைப் பூட்டிவிட்டு எட்டே காலுக்கெல்லாம் வீடு வந்துவிடுகிறார், கேட்டால் இன்றைக்கு மல்லி வரத்துக் குறைவு என்கிறார், வரத்து தினமும் எட்டே காலுக்குத்தான் குறையுமா என்று ஜீவிதா கேட்டாள். ஒரு நாள் சரியாக மரகதவல்லி அரிசிப் பானையைத் திறக்கிற நேரம் கரண்ட் போய்விட்டது. பேகம்பூரில் வளையல் கடை வைத்திருக்கிறாளே அஜீஸுன்னிசா, அவள் வீட்டில் கரண்ட் இருக்கும் என்று ஜீவிதா போன் போட்டு, ரிசீவரை டிவிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். நானும் உன் அத்தையும் ஆளுக்கு ஒரு காதை வைத்து இருட்டில் நாடகம் கேட்டோம். பார்க்காத உன் அப்பா, "செத்த நேரம் எங்கிட்ட குடுங்க, லயன் சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்று வாங்கிக்கொண்டு கடைசி வரை தரவே இல்லை.

அந்த இந்துமதிக்கு மாசமானதிலிருந்து எனக்கு நாடகம் பார்க்கையில் உன் நினைப்புதான். அவளுக்கும் மாசம் ஏறுகிறது, உனக்கும் ஏறுகிறது. உன் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு மட்டும்தான் லீவு என்று சொல்லிவிட்டார்கள். பிரசவத்துக்கு நான் வர மாப்பிள்ளை விசா எடுத்துவிட்டார், சரி, ஆனால் அது ஆகஸ்டில். உன் அத்தை வீட்டு வழக்கத்தில் வளைகாப்பு ஏழாம் மாதம் மட்டும்தான், தவறினால் தவறியதுதான். தலைப்பிள்ளைக்காரிக்கு ஒரு பிறந்த வீட்டுக் கை வளையல் பூட்டாமல் ஏழாம் மாதம் கழிவதா என்று நினைத்து நினைத்து நான் பாதி உடம்பாகிப்போனேன், நீ நம்பமாட்டாய், ரவிக்கை எல்லாம் லூஸ். அப்போதுதான் சகாயசெல்வி லீவில் வந்திருப்பதும், மே பதினாறாம் தேதி சென்னையிலிருந்து விமானம் ஏறப்போவதும் நீ போனில் சொல்லித் தெரிந்தது, அவள் கையில் வளையல் வரும் என்று உனக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் அதற்குள் பெரம்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வளையலை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நான் முடிவு கட்டினேன். வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. ஜீவிதா பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பிள்ளை ஒரு ஊரும் பார்த்ததில்லை, லீவுக்கு எல்லோரும் மெட்ராஸ் போய் வருவோம், சங்கிலி வீடு இருக்கிறது, தங்கிக்கொள்ளலாம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பாவுக்குச் சித்தப்பா மகன் அந்தச் சங்கிலி, உனக்குச் சித்தப்பா, அவர் இப்போது ஷூட்டிங் நடக்கிற இடங்களுக்குச் சாப்பாட்டு வேன் ஓட்டுகிறார். அஜீஸுன்னிசா கடையில் பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடி வளையல் இரண்டு டஜன், உன் இரண்டே கால் அளவில், நானே ஒவ்வொன்றாய்த் தட்டிச் சத்தம் பார்த்து எடுத்தேன். உடையாமல் இருக்க ஒரு எவர்சில்வர் தூக்கில் பச்சரிசியைக் கொட்டி, அதற்குள் வளையல்களைப் புதைத்து மூடி, வழிநெடுக மடியில் வைத்துக்கொண்டேன். என்னடி அது என்று கேட்ட உன் அத்தையிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவரும் தன் பங்குக்கு ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து அரிசிக்குள் போட்டார்.

காலை வைகை ரயிலில் போனோம். புளிச்சாதம், கத்தரிக்காய் வெஞ்சனம், அதற்குமேல் அப்பா ஒரு கூடை நிலக்கோட்டை மல்லியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார், சங்கிலி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதாம், பெட்டி முழுக்க மணந்தது, விழுப்புரம் போவதற்குள் முன்பின் தெரியாத ஆறு பெண்கள் தலையில் நம் பூ. மெட்ராஸில் பார்க்கவேண்டிய இடங்கள் என்று ஜீவிதா ஒரு தாளில் பன்னிரண்டு எழுதி வைத்திருந்தாள், அதில் மூன்றுகூடப் பார்க்கவில்லை. காரணம் உன் அத்தை. அவர் இதுவரை திண்டுக்கல்லுக்கு வடக்கே குஜிலியம்பாறை தாண்டிப் போனதில்லை, ஆனால் மெட்ராஸ் முழுக்க அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எல்லாம் நாடகத்தில் பார்த்தது. பஸ் ஒரு திருப்பத்தில் நின்றதும் எழுந்து நின்று, "அடியே பேச்சாயி, இந்த முக்குலதான்டி இந்துமதிய கார்க்காரன் இடிச்சுப்புட்டு நிக்காமப் போனான்" என்று கத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பின்சீட்டில் இருந்த ஒரு அம்மாள், "அது இது இல்லீங்க, அடுத்த சிக்னல்" என்று திருத்தினார், அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் இறங்குகிற வரை மரகதவல்லியைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். பீச்சுக்குப் போனால் எல்லோரும் கடலைப் பார்க்கிறார்கள், அத்தை மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, இந்துமதியின் புருஷன் உட்கார்ந்து அழுத சிமெண்டு பெஞ்சு எது என்று தேடுகிறார். கண்டும்பிடித்துவிட்டார். அதில் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம், உனக்கு ஒரு காப்பி வைத்திருக்கிறேன். அப்பா ஒரு ஓரத்தில் உம்மென்று இருப்பார், கோபமில்லை, மணலில் செருப்பைத் தொலைத்துவிட்டார்.

போன மறுநாளே, வியாழக்கிழமை காலையில், தூக்கை எடுத்துக்கொண்டு பெரம்பூர் போனோம். இரண்டு பஸ் மாறி, வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். சகாயசெல்வியின் அண்ணன் கதவைத் திறந்து, டிக்கெட்டை மாற்றிவிட்டார்கள், அவள் நேற்று ராத்திரியே போய்விட்டாள் என்று சொன்னார். நல்ல மனிதர், உட்காரச் சொல்லிக் கலர் வாங்கிக் கொடுத்தார், எனக்குத்தான் குடிக்க முடியவில்லை. ஒரு நாள், மலரு, ஒரே ஒரு நாள். பீச்சுக்குச் சாயந்திரம் போகலாம், முதலில் பெரம்பூர் என்று புதன்கிழமை இறங்கினவுடனேயே நான் சொல்லியிருந்தால் அவளைப் பிடித்திருக்கலாம், களைப்பாக இருக்கிறது நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது நான்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் தூக்கைக் கட்டிக்கொண்டு அழுதேன், அப்போதுதான் உன் அப்பாவுக்கு விஷயமே தெரிந்தது. இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா, விமானத்தையே நிறுத்தியிருப்பேனே என்றார். அவர் அந்த ஊர் டவுன் பஸ்ஸையே கை காட்டி நிறுத்தத் தெரியாமல் இரண்டு நாளாக நின்றவர், இதில் விமானமாம். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் சங்கிலி, "மதினி, நாளைக்கு நம்ம வேன்ல ஏறுங்க, இந்துமதிய நேர்லயே காட்டிக் கூட்டியாரேன்" என்று சொன்னார். உன் அத்தை அப்போதே பட்டுச்சேலையை எடுத்து நீவ ஆரம்பித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை இட்லிப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு வளசரவாக்கம் போனோம். தூக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை, அதையும் தூக்கிக்கொண்டேன். மலரு, ஆனந்தவல்லி இல்லம் என்று நாம் வாயைப் பிளந்து பார்த்த அந்த மாளிகையை நீ நேரில் பார்க்க வேண்டும். அந்த மாடிப்படி எங்கேயும் போகவில்லை, பன்னிரண்டு படி ஏறினால் ஒரு பலகை, அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. மரகதவல்லியின் ரூம் சுவர் அட்டை, சாய்ந்தால் விழுந்துவிடும் என்று ஜீவிதாவை மிரட்டி வைத்தார்கள். பூஜை அறையைத் திருப்பிவிட்டால் அதுவே இன்னொரு நாடகத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனாம். உன் அத்தைக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே, இத்தனை நாள் இந்தப் பலகைக்காகவா நான் ராத்திரி தூங்காமல் இருந்தேன் என்று கேட்டார். அந்த மரகதவல்லி ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தையைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார், அத்தை மாட்டேன் என்று நின்றார். அந்தம்மா சிரித்துக்கொண்டே, "எனக்கும் ஒரு மருமக இருக்காங்கம்மா, அவளுக்கு நாந்தான் தெனமும் தலை பின்னி விடுறேன், நம்புங்க" என்றார். அதற்கப்புறம்தான் அத்தை உட்கார்ந்தார், அதுவும் ஒரு சேர் தள்ளி.

அன்றைக்கு அவர்கள் எடுக்கப்போவது என்ன காட்சி தெரியுமா, இந்துமதியின் வளைகாப்பு. சாமி என்னோடு விளையாடுகிறதா என்று நினைத்தேன். வளையல் போட ஐந்து சுமங்கலிப் பெண்கள் வேண்டும், கூலிக்குச் சொல்லியிருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் வரவில்லை. டைரக்டர் சின்ன வயசு, நம் பாண்டியராஜ் வயசுதான் இருக்கும், தஞ்சாவூர்ப் பக்கம். சாப்பாட்டு வேனிலிருந்து இறங்கின எங்களைப் பார்த்து, அம்மா நீங்கள் ஒருத்தர், அந்தப் பட்டுச்சேலை அம்மா ஒருத்தர், வந்து உட்காருங்கள் என்றார். அத்தை, "நான் வரல ஆத்தா, மரகதவல்லி வீட்டு நல்லதுக்கு நான் என்னத்துக்கு நிக்கணும்" என்று ஒரேயடியாய் மறுத்துவிட்டார், ஜீவிதா கல்யாணமாகாதவள், ஆகவே நான் மட்டும் போனேன். உள்ளே போய்ப் பார்த்தால் தாம்பாளத்தில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் வளையல், தலையில் துணிப்பூ. வயிற்றில் கட்டியிருக்கிற தலையணை ஏழாம் மாதத்துக்கு ஆகாத உயரம், மார்புக்குக் கீழேயே முட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு வாய் சும்மா இருக்குமா. தம்பி, ஏழாம் மாசத்து வயிறு இப்படி ஏறாது, கொஞ்சம் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள் என்றேன். முதல் காப்பு வேப்பங்கொழுந்தில் போடவேண்டும், அது இல்லாமல் வளையலைத் தொடக்கூடாது என்றேன். கண்ணாடி வளையல் இல்லாமல் என்ன வளைகாப்பு, அந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கவேண்டாமா என்றேன். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். அந்தத் தம்பி கோபப்படவில்லை, "எங்க பக்கம் இந்த வேப்பிலை கிடையாதும்மா, ஆனா நல்லாருக்கு, வச்சுக்கலாம்" என்று சொல்லி, வாசலில் இருந்த மரத்தில் என்னையே ஒடித்து வரச் சொன்னார். அப்பா தன் பங்குக்கு, ஈரத்துணியில் வாடாமல் வைத்துக் கூடையோடு கொண்டுவந்திருந்த மிச்ச மல்லியைக் கொடுத்து அந்தத் துணிப்பூவை எடுக்கச் சொன்னார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்பதை மறைக்க மல்லியைப் பற்றி ஐந்து நிமிஷம் விளக்கம் வேறு. கண்ணாடி வளையலுக்கு எங்கே போவது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கை தானாகவே தூக்கைத் திறந்துவிட்டது. யோசிக்கவே இல்லை, மலரு. உனக்குச் சேராமல் போன வளையல், ஏழு மாதம் என்று ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு கையையும் அரிசிக்குள் விட்டு எடுத்துவிட்டேன். அந்த அரிசியிலேயே ஒரு பிடி எடுத்து, அத்தை போட்ட மஞ்சளை உரைத்து அட்சதையும் போட்டேன். ஒற்றைப்படையில் வரவேண்டும் என்று இரண்டை நிறுத்திவிட்டு, வலக்கையில் பதினொன்று, இடக்கையில் பதினொன்று, காமிராவில் கை மாறக்கூடாது என்று எல்லாவற்றையும் என்னையே போடச் சொன்னார்கள். இரண்டே கால் அளவு அந்தப் பெண்ணுக்கு அப்படியே பொருந்தியது. காமிரா என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன், அதை இப்போது எழுதினால் மேலே எழுத ஓடாது, கடைசியில் சொல்கிறேன்.

காட்சி முடிந்ததும் வளையலைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். அங்கே நோட்டும் கையுமாய் நிற்கிற ஒரு பிள்ளை, தர முடியாதும்மா, இனிமேல் குழந்தை பிறக்கிற வரைக்கும் இந்துமதி இந்த வளையலோடுதான் எல்லாக் காட்சியிலும் வரவேண்டும், நடுவில் மாறினால் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள். உண்மைதான், நாம்தான் முதலில் கண்டுபிடிப்போம். மாற்றிப் போடலாம் என்றால் அதே பச்சை சிவப்புக்கு இனி அவர்கள் எங்கே போவார்கள், எடுத்த காட்சியெல்லாம் வீணாகிவிடும். ஏதோ பணம் கொடுக்க வந்தார்கள், நான் வாங்கவில்லை. வெளியே வந்ததும் உன் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, என் பேரப்பிள்ளைக்குன்னு வாங்குன வளையல ஒரு தலகாணி வயித்துக்குப் பூட்டிப்புட்டு வாரியே, இது அடுக்குமா" என்று கேட்டார். அவர் திட்டினால் நானும் பதிலுக்குப் பேசிவிடுவேன், உனக்குத் தெரியும். ஆனால் அவர் பயந்துபோய்க் கேட்டார். அதைப் பார்த்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வரும்போது எங்கள் இரண்டு பேருக்கும் உன் அப்பா வாங்கிக் கொடுத்த முந்திரிப் பொட்டலம் பிரிக்காமலே வீடு வந்து சேர்ந்தது. பொய் வயிற்றுக்கு என் பிள்ளையின் காப்பைப் போட்டுவிட்டேனே, உனக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் முகத்தில் முழிப்பேன் என்று இரண்டு வாரம் இதே நினைப்பு. அந்த நேரத்தில்தான் நீ போன் செய்து பரவாயில்லை என்று சொன்னாய். இப்போது தெரிகிறதா நான் ஏன் அழுதேன் என்று.

போன சனிக்கிழமை மனசு தாங்காமல் உன் அத்தையையும் இழுத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போய் அஜீஸுன்னிசாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வளையலை அடுக்கிக்கொண்டே கேட்டாள். முடிவில் ஒரே ஒரு கேள்விதான், வளையல் போடும்போது மனசில் யாரை நினைத்தாய் என்று. நான் சொன்னேன். "அப்பறம் என்னக்கா, மாட்டுனது அந்தப் பிள்ள கையில, கேட்டது ஒம் மகளுக்கு. யாருக்குக் கேட்டமோ அவுகளுக்குத்தான போயிச் சேரும், அல்லாவுக்கு விலாசம் தெரியாதா" என்றாள். மலரு, இத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த நிமிஷம் இறங்கிவிட்டது. உன் அத்தை முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, அதே பச்சை சிவப்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அதே பெட்டியில், அதே இரண்டே கால், சரியாய் இரண்டு டஜன் மிச்சம் இருந்தது. இந்தத் தடவை தட்டிச் சத்தம் பார்த்தது அத்தை. அஜீஸுன்னிசாவின் மூத்த மகன் வருகிற திங்கட்கிழமை மஸ்கட் புறப்படுகிறான், அவன் கையில்தான் இந்தக் கடிதமும் அதே தூக்கும் வருகிறது. எந்த டிக்கெட்டும் மாறாது, அவன் அம்மாவே விமானம் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இனி நீ செய்யவேண்டியதைக் கவனமாய்ப் படி, மாப்பிள்ளையையும் படிக்கச் சொல். அந்தக் காட்சி ஜூன் பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை வருகிறது, டைரக்டரிடம் சங்கிலி இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துவிட்டார். உனக்கு ஏழாம் மாதம் ஆனி பத்தாம் தேதிதான் முடிகிறது, அதற்குள் வந்துவிடுகிறது. ராகு காலம் இல்லை, எமகண்டம் இல்லை, அத்தை காலண்டரைக் கிழிக்காத குறையாய்ப் பார்த்துவிட்டார். நமக்கு எட்டரை என்றால் உங்கள் ஊரில் ஏழு மணியாம். அன்றைக்கு டியூட்டியை யாரிடமாவது மாற்றிக்கொள், சகாயசெல்வி மாற்றிக்கொடுக்கட்டும், என்னைப் பெரம்பூர் வரை அலையவிட்டதற்கு அதையாவது செய்யட்டும், அவளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள், பாவம், அவள் என்ன செய்வாள். வளையலை எடுத்தபிறகு தூக்கில் இருக்கிற அரிசியைக் கொட்டிவிடாதே, அதில்தான் எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகைச் சாதமும் செய்யவேண்டும், மாப்பிள்ளையே செய்யட்டும், நீ அடுப்படியில் நிற்காதே. அங்கே வேப்பமரம் இருக்கிறது என்று நீதான் ஒரு தடவை எழுதியிருந்தாய், முதல் காப்பு அதில். ஏழு மணிக்கு டிவிக்கு எதிரில் பலகை போட்டுக் கிழக்கு பார்த்து உட்கார், டிவி வேறு திசையில் இருந்தால் மாப்பிள்ளை திருப்பி வைக்கட்டும். என் முகம் வராது, கை மட்டும்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். உனக்கு என் முகம் எதற்கு, வலது மணிக்கட்டில் அப்பளம் பொரிக்கும்போது சுட்ட தழும்பு இருக்கும், நீ சின்னப் பிள்ளையில் எச்சில் தொட்டுத் தேய்த்துவிட்டாயே, அந்தக் கை. அது திரையில் வந்து முதல் வளையலை எடுக்கும்போது உன் கையை நீட்டு. மாப்பிள்ளையும் சகாயசெல்வியும் ஒவ்வொன்றாய்ப் போட்டுவிடட்டும். இங்கே அப்பா அன்றைக்கு மார்க்கெட்டுக்கே போகப்போவதில்லை என்கிறார், மல்லி வரத்து இருந்தாலும் சரி. தெருவில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. கரண்ட் போனால் அஜீஸுன்னிசா வீட்டு ரிசீவர் தயார்.

பத்துத் திங்களும் நிறைந்து, வலி தெரியாமல், தாயும் பிள்ளையும் தனித்தனியாய்ப் பிரிந்து, சுகமாய் இருக்கவேண்டும் தாயே, ஒரு குறையும் உன்னைத் தொடாது. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், டியூட்டியில் நின்றுகொண்டே இருக்காதே, இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்று சொல்லாதே. ஆகஸ்டில் நான் வந்துவிடுவேன். கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். ஒன்றும் பேசாமல் வளையலை மட்டும் போடுங்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். முதல் வளையல் அந்தப் பிள்ளையின் கையில் ஏறினதும் நான் என்னை மறந்துவிட்டேன். மலரு, நல்லா இரு மலரு, அம்மா வந்திருக்கேன் மலரு என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், ஒரு வளையலுக்கு ஒரு தடவை, இருபத்திரண்டு தடவை. முடிந்து நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பெண் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறாள். கர்நாடகாவிலிருந்து வந்த பிள்ளை, தமிழ் அரைகுறை, அவளுக்கும் அம்மா ஊரில்தான். மலர் யாரு என்று கேட்டாள், சொன்னேன். "ஒடையாம பாத்துக்கறேன்மா, உங்க பொண்ணுக்குப் பாப்பா வந்தா சங்கிலி அண்ணன்ட்ட சொல்லி விடுங்க" என்றாள். நான் பேசியதற்காக மறுபடி எடுக்கவேண்டுமா என்று டைரக்டரைக் கேட்டேன். வேண்டாம்மா, இதைப் போல இன்னொரு தடவை வராது, அந்த இடத்தில் வீணை போட்டுவிடுவோம், நீங்கள் பேசியது யாருக்கும் கேட்காது என்றார். அதனால் பத்தொன்பதாம் தேதி ஏழு மணிக்கு வீணை வாசிக்கும்போது ஊரெல்லாம் அது வீணை என்று நினைத்துக்கொள்ளட்டும், அதற்கு அடியில் நான் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், நீ மட்டும் கேள்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு வளையலும் உனக்கே போட்ட
உன் அம்மா
பெ. பேச்சாயி